கைவிட்டவர் யார்?

சயரோகத்துக்கு மருந்துண்டு, இலவசமாகவும் உண்டு. முதலிரு மாதம் நான்கு மருந்துகள், பின்னர் நான்கு மாதம் இரண்டு. இடையில் நின்றவனுக்கு வைத்தியப் பதிவேடு நெடுங்காலம் இட்ட பெயர், 'சிகிச்சையைக் கைவிட்டவன்'!

கைவிட்டவர் யார்? கல்முனையில் கரைவலை இழுப்பவனும், மருதமுனைத் தறிக்காரனும், வெள்ளாமை வெட்டும் கூலியாளும் சிகிச்சை நிலைய வாசலில் காத்திருந்தால் அன்றைய கூலி போயிற்று. இரண்டாம் மாதம் இருமல் அடங்கியதும், மருந்தா உலையா என்ற கேள்வி அடுப்படியிலே எழுகிறது. வீட்டில் குமர் இருந்தாலோ, அயலார் அறியாதிருக்கவே மருந்தை மறைக்கிறார்கள், பிறகு நிறுத்துகிறார்கள்.

1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு 1959இல் உலகுக்குச் சொன்னதென்ன? நெரிசலான குடிசையில் குறையுணவோடு மருந்துண்ட ஏழையும், ஆரோக்கிய நிலையத்தில் நல்லுணவோடு படுத்திருந்தவனும் ஏறத்தாழ ஒன்றுபோலவே குணமடைந்தனர்! ஆனால் அங்கே ஊழியர் குடிசை தேடிப் போனார்கள், மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரையுஞ் சோதித்தார்கள். அந்தப் பாதியை மறந்துவிட்டு, வீட்டுக்கு அனுப்பும் பாதியை மட்டும் பிடித்துக்கொள்வது வைத்தியமா, சிக்கனமா?

2013இல் உலக சுகாதார நிறுவனமே அப்பழிச்சொல்லை விட்டு, 'தொடர்பு இழக்கப்பட்டவர்' என்றெழுதத் தொடங்கியது. தொடர்பை இழந்தது எவர்? அவன் தொழிலுக்குப் புறப்படுமுன் மருந்து அவன் வாசலில் நிற்கட்டும். உதவிப்பணம் இழந்த கூலிக்கு ஈடாகட்டும். அதன்பின் அவனைக் குற்றஞ் சொல்ல வாருங்கள்.