சூளையும் நுண்ணலையும்



திருவில்லிபுத்தூர்ச் சந்தையில் பானை வாங்குவோர் அதனை விரலாற் சுண்டிப் பார்த்தே விலை பேசுவர். கணீரென ஒலிப்பின் நன்கு வெந்தது. ஒலி கம்மின் கீறலோ புரையோ உடையது. கைப்பேசியை இயக்கும் அறிவியலுள் ஒரு கூற்றிற்கு இவ்வெளிய தேர்வே வாயிலாம்.

இராசபாளையத்தும் திருவில்லிபுத்தூரிலும் நிற்கும் கைப்பேசிக் கோபுரங்கள் நுண்ணலைகளை வாங்கியும் விடுத்தும் பணிபுரிகின்றன. பல அலைகள் ஒருங்கே உலவும் வெளியில் தனக்குரிய அலையை மட்டும் பிரித்தெடுக்க வடிப்பி வேண்டும். அத்தகைய வடிப்பிகள் பலவற்றின் உள்ளே இருப்பது சுட்டெடுத்த வில்லையொன்று. மாழையும் உயிர்வளியும் கூடிய பொருளை வேதியியலார் ஆக்சைடு என்பர். அதன் பொடியால் ஆனது அவ்வில்லை. சுண்டிய பானை தனக்குரிய ஒலியில் அதிர்வதுபோல், இது தன் அளவிற்கேற்ற நுண்ணலைக்கு அதிரும். மின்காப்புப் பொருளும் இவ்வாறு அதிரக்கூடும் என்பதை 1939-இல் இரிச்சுட்மையர் என்னும் அமெரிக்க அறிஞர் கணக்கிட்டுக் காட்டினார்.

இதற்கு மூன்று பண்புகள் வேண்டும். முதலாவது, அலையைச் சுருக்குதல். 2,000 மெகா எர்ட்சு அலை வெட்டவெளியில் 15 செ.மீ. நீளமுடையது, மின்காப்பு மாறிலி 40 உடைய பொருளுள் அது ஏறத்தாழ 2.4 செ.மீ. ஆகும், கருவியும் சிறுக்கும். இரண்டாவது, அலையின் ஆற்றலை வெப்பமாக்கி வீணாக்காமை. மூன்றாவது, வெயிலுக்கு அசையாமை. தைட்டானிய ஆக்சைடின் மாறிலி ஏறத்தாழ 100. எனினும் வெப்பம் 10 பாகை ஏறின், அவ்வலையளவில் அதன் அதிர்வு ஏறத்தாழ 9 மெகா எர்ட்சு நழுவிவிடும். நம் கோடையில் அக்கருவி காலையில் ஓரலையும் உச்சிப்பொழுதில் வேறோரலையும் கேட்கும்! ஆதலின் அதனோடு பேரியம் கூட்டி, மாறிலியைக் குறைத்து, நிலைப்பைப் பெற்றனர். அத்தகைய பொருளொன்றை அமெரிக்கப் பெல் ஆய்வுக்கூடத்தார் 1974-இல் வெளியிட்டனர்.

செய்முறையோ வேட்கோவர் தொழிலின் வளர்ச்சியே. பொடிகளைக் கலத்தல், முன்சுடுதல், மீள அரைத்தல், அச்சில் அழுத்துதல், இறுதியாகச் சுடுதல் என்பன அதன் படிகள். குயவர் சூளை 900 பாகை அளவினது. பேரியத் தைட்டானிய வில்லைக்கு 1,300 பாகையளவும், அலுமினிய ஆக்சைடுக்கு 1,600 பாகையளவும் வேண்டும். பொடியிற் சிறு மாசும், வேக்காட்டிற் சிறு குறையும், உள்ளே எஞ்சிய புரையும் அலையை விழுங்கும்.

நுண்ணலையைப் பண்டே யாம் அறிந்தேம் எனப் பொய்ப்பெருமை பேசுதல் நமக்கு வேண்டா. ஆயின் வனைதல், புரை, பதம், வேக்காடு, சூளை என்னும் சொற்கள் நம்முடையன. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட்டு, உரூட்டைல் என்னும் தைட்டானியக் கனிமங்கள் உள்ளன. நடுவணரசு நிறுவனம் அவற்றைப் பிரித்தெடுக்கிறது. மண்ணும் உண்டு, சொல்லும் உண்டு. இருந்தும், 'சின்டரிங்' என்று உருப்போடும் மாணவர், துகள்கள் உருகாமலே ஒன்றையொன்று பற்றி இறுகும் வேக்காடே அது என அறியாது தேர்வெழுதுகின்றனர்.

ஆசிரியப் பெருமக்களே! இப்பாடத்தைக் கரும்பலகையில் தொடங்காதீர். மாணவரைச் சூளைக்கு அழைத்துச் செல்லுங்கள். வெந்த பானையையும் வேகாத பானையையும் சுண்டச் செய்யுங்கள். பின்னர் நுண்ணலையைக் கூறுங்கள். பொருள் விளங்கியவரே புதியது காண்பர். மண்ணைத் தோண்டுவதோடு நில்லாமல், அதைச் சுடும் பதத்தையும் அறிந்த தலைமுறை இவ்வூர்ப் பள்ளிகளிலிருந்து எழுக!