ஸ்பீக்கருக்கு ஒரு செருப்பு!

ரூம்மேட்ஸ் நாலு பேரும் காசு போட்டு ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கியாச்சு. ஸ்டடி டேபிள் மேல வெச்சு பாட்டைப் போட்டா... டிரம்ஸ் ஒரு பக்கம் தாளம் போட, பேனா ஸ்டாண்ட் இன்னொரு பக்கம் தாளம் போடுது! பேஸ் கிட்டார் 'டும்'னு வந்து நிக்காம 'பொம்ம்ம்'னு இழுக்குது. பத்தாததுக்கு, கீழ் வீட்டு ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி மாடிப்படி ஏறி வந்து, ''ஏம்ப்பா, எங்க வீட்டு ஜன்னலே அதிருது. கொஞ்சம் குறைச்சு வைக்கக் கூடாதா?'' என்கிறார்.

''மச்சி, ஸ்பீக்கருக்கு அடியில ஐசோலேஷன் ஃபீட் வாங்கி வை. எல்லாம் சரியாயிடும்'' என்று ஒரு நண்பர் நிச்சயம் சொல்வார். ஸ்பீக்கரின் அதிர்வு டேபிளுக்கு இறங்காமல் தடுக்கிற ரப்பர் கால்கள்தான் அவை. வாங்கலாமா? பர்ஸைத் திறக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் ஒதுக்குங்க.

ஸ்கூல் லேபில் இசைக்கவையைத் தட்டினது ஞாபகம் இருக்கா? கையில் பிடிச்சா சத்தம் காதுக்கு எட்டாது. அதன் காம்பை டேபிள் மேல வெச்சா, கிளாஸுக்கே கேட்கும். காரணம், இப்போ பாடறது மொத்த டேபிளும்! உங்க ரூமிலும் இதே கதைதான். ஸ்பீக்கர் கோன் முன்னாடி பாயும்போது, நியூட்டன் மூன்றாம் விதிப்படி பெட்டி பின்னாடி உதைக்கும். கோன் 20 கிராம், பெட்டி 5 கிலோ என்றால், கோன் அசைவதில் 250-ல் ஒரு பங்கு பெட்டி அசையும். தம்மாத்தூண்டுதான். ஆனா, அகலமான மரப்பலகை கிடைச்சா அதுவே போதும். டேபிள் மூணாவது ஸ்பீக்கர் ஆயிடும்.

நடுவில் மெத்தென்று ஒண்ணு வெச்சா அதிர்வு இறங்காது. ஆனா, 'ரப்பர்னா போதும்' என்பது தப்பு. ஸ்பீக்கரின் எடைக்கு அது எவ்வளவு அமுங்குது என்பதில்தான் விஷயமே இருக்கு. தோராயமா 1 மில்லிமீட்டர் அமுங்கினா, அதன் இயல்பு அதிர்வெண் 16 ஹெர்ட்ஸ். அதைப் போல 1.4 மடங்குக்கு மேலதான் தடுப்பு வேலையே ஆரம்பிக்கும். அதாவது 22 ஹெர்ட்ஸுக்கு மேல. பேஸ் கிட்டாரின் அடி நோட்டே 41 ஹெர்ட்ஸ்தான் என்பதால் நாம தப்பிச்சோம். அதுவே கட்டி ரப்பரா இருந்து 0.1 மில்லிமீட்டர் மட்டும் அமுங்கினா, இயல்பு அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். சரியா பேஸ் வர்ற இடம்! அங்கே அதிர்வைக் குறைக்காம கூட்டிவிடும். ரொம்ப மெத்துன்னு இருந்து மொத்தமா நசுங்கிட்டாலும் வேலைக்கு ஆகாது.

அதனாலதான் நல்ல கம்பெனிகள் எடை பார்த்து விற்கிறாங்க. கனடாவின் ஐசோஅகூஸ்டிக்ஸ் கம்பெனியின் 'காயா' கால்களில், 4 கால் கொண்ட ஒரு செட் தாங்கும் எடை 32, 54, 100 கிலோ என மூணு சைஸ் உண்டு. உங்க 5 கிலோ பெட்டிக்கு 100 கிலோ கால் மாட்டினா, அது அமுங்கவே அமுங்காது. காசுதான் அமுங்கும்! இன்னொண்ணு, ஊசி மாதிரி இருக்கிற 'ஸ்பைக்' இதுக்கு நேர் எதிர். அது கார்ப்பெட்டைத் துளைச்சு ஸ்பீக்கரைத் தரையோட இறுக்கிப் பிடிக்கும். அதிர்வைப் பிரிக்காது.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு ஓசி டெஸ்ட். பேஸ் அதிகமுள்ள பாட்டைப் போட்டு டேபிள் மேல உள்ளங்கையை வைங்க. கிசுகிசுன்னு அதிருதா? ஒரு நண்பரை ஸ்பீக்கரை ஒரு இன்ச் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்க. 'பொம்ம்ம்' குறைஞ்சு பாட்டு தெளிவானா, கால் உங்களுக்கு உதவும். வித்தியாசமே தெரியலையா? பர்ஸை மூடிடுங்க.

டெஸ்ட்டில் பாஸ் ஆனாலும் உடனே கடைக்கு ஓட வேணாம். பழைய ஹவாய் செருப்பை நாலு சின்னத் துண்டா வெட்டி, நாலு மூலையிலும் வைங்க. அமுங்கலைன்னா துண்டை இன்னும் சின்னதாக்குங்க. பெட்டி ஆடாம நிக்கிற அளவுக்குப் பார்த்துக்குங்க. பாதி பிரச்னை இதிலேயே தீர்ந்தாலும் தீர்ந்துடும்.

சரி, ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி? இங்கேதான் உண்மையைச் சொல்லணும். கான்கிரீட் தளம் மரப்பலகை மாதிரி இல்லை. கனமானது, விறைப்பானது. சின்ன ஸ்பீக்கரின் உதைக்கு அது அசையறது ரொம்பக் குறைவு. ஆன்ட்டி வீட்டு ஜன்னலை ஆட்டறது பெரும்பாலும் காத்து வழியா போய்ச் சுவரையும் தளத்தையும் தட்டுற பேஸ்தான். அதுக்குச் செருப்பு போட முடியாது! ஸ்பீக்கரைச் சுவர் மூலையிலிருந்து வெளியே இழுங்க. மூலையில் வெச்சா பேஸ் எகிறும். பேஸ் நாப்பை ரெண்டு புள்ளி குறைங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல ஹெட்போன்.

டேபிளைக் காப்பாத்த ரப்பர் இருக்கு. ஆன்ட்டி தூக்கத்தைக் காப்பாத்த உங்க விரல்தான் இருக்கு. ரூம் காலி பண்ணச் சொன்னா, அப்புறம் ஸ்பீக்கர் வைக்க டேபிளே இருக்காது பாஸ்!