காரின் முகத்தைக் கெடுத்தது யார்?

ஸ்போர்ட்ஸ் கார் ரசிகர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு புலம்பல் கட்டாயம் வரும். பழைய கார்களின் தாழ்ந்த, கூரான முகத்தைப் பாதுகாப்பு விதிகள் பாழாக்கிவிட்டன என்பார்கள். அதில் பாதிதான் உண்மை. முகத்தைக் கெடுத்தவை, பாகம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று வடிவத்தையே வரையறுத்த விதிகள். பலனை மட்டும் கேட்ட விதிகள் புதுமைக்கு வழிவிட்டிருக்கின்றன.

அமெரிக்காவில் 1940 முதல் சுமார் நாற்பது ஆண்டுகளுக்கு, அரசு சொன்ன அளவிலான 'சீல்டு பீம்' விளக்குகளைத்தான் பொருத்த முடிந்தது. 1961-ல் அறிமுகமான ஜாகுவார் இ-டைப்பின் ஹெட்லைட்டை ஒரு வளைந்த கண்ணாடி மூடியிருக்கும். பானெட்டின் வளைவு அந்தக் கண்ணாடியின் மேல் தடையில்லாமல் வழிந்து பம்பர்வரை இறங்கும். விளக்குக்கு முன்னால் மூடி கூடாது என்ற அமெரிக்க விதியால் 1960-களின் கடைசியில் கண்ணாடி போனது. குழிக்குள் விளக்கு மட்டும் மிஞ்சியது.

விதிப்படி விளக்கு தரையிலிருந்து குறைந்தபட்ச உயரத்தில் இருக்க வேண்டும். காற்றைக் கிழிக்கும் மூக்கோ தாழ்ந்திருக்க வேண்டும். இந்த இழுபறியில் செழித்ததுதான் மேலெழும் ஹெட்லைட். கார்வெட் 1963-லிருந்து 2004 வரை விளக்கை மறைத்தே வைத்திருந்தது. ஆனால் இரவில் எழுந்து நின்ற விளக்குகள் காற்றை மறித்தன.

பம்பர் விதி இன்னும் மோசம். அமெரிக்கச் சந்தைக்காக எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் 1974-ல் கனத்த கறுப்பு ரப்பர் பம்பரை மாட்டிக்கொண்டது. உயர விதிக்காகக் காரும் தூக்கப்பட்டது. திருப்பங்களில் அதன் உறுதி குலைந்தது.

ஐரோப்பா 2005-லிருந்து நடைமுறைப்படுத்திய பாதசாரி விதிகள் வேறு ரகம். கார் மோதினால் காலுக்கும் தலைக்கும் எவ்வளவு அடி விழலாம் என்ற வரம்பைத்தான் அவை சொல்கின்றன. எப்படிச் சாதிப்பது என்பது நிறுவனத்தின் பொறுப்பு. பானெட்டின் மெல்லிய தகடு நசுங்கும். அதன் அடியிலேயே இருக்கும் இன்ஜின் நசுங்காது. ஆகவே இரண்டுக்கும் இடையே இடைவெளி தேவை. பானெட்டையே உயர்த்துவது ஒரு வழி. 2006-ல் வந்த ஜாகுவார் எக்ஸ்கே வேறு வழி கண்டது: பம்பரிலுள்ள சென்சார் மோதலை உணர்ந்ததும், சிறு வெடிமருந்து பானெட்டின் பின்பகுதியைக் கண நேரத்தில் தூக்கிவிடும். தாழ்ந்த முகமும் தப்பியது, தலைக்கும் பாதுகாப்பு கிடைத்தது.

காற்றியக்கமும் இப்படித்தான் முகத்தைச் செதுக்குகிறது. 2018-ன் ஃபெராரி 488 பிஸ்டாவில் பம்பருக்குள் நுழையும் காற்று, பானெட்டின் பள்ளம் வழியே மேலேறி மூக்கைத் தரையோடு அழுத்துகிறது. இன்ஜின் பின்னால் இருப்பதால் இது சாத்தியமாயிற்று. அந்தப் பள்ளத்துக்கு வேலை இருக்கிறது. அழகும் அதிலிருந்தே வருகிறது.

2019-ன் டொயோட்டா ஜிஆர் சுப்ராவிலோ பானெட்டிலும் கதவிலும் அடைபட்ட காற்றுத் துளைகள். பந்தயத்துக்கு மாற்றுபவர்கள் திறந்துகொள்ளலாம் என்பது நிறுவனத்தின் விளக்கம். சாலையில் ஓட்டுபவருக்கு அவை வெறும் ஒப்பனை. எந்த விதியும் அவற்றைக் கேட்கவில்லை. ரசிகர்களின் கோபம் இந்த ஒப்பனையின் மேல் திரும்பட்டும். அழகின் பெயரால் பாதசாரி விதிகளைத் தளர்த்தச் சொல்வதில் நியாயமே இல்லை.