கவைக்கம்பும் கழுத்துக் கயிறும்

இங்கிலாந்தில், ‘நாங்கள் சூனியக்காரர்கள்’ என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். கவைக்கம்பு ஒன்றைத் தரையில் நட்டு, செக்கு மாடு மாதிரி அதைச் சுற்றிச் சுற்றி நடப்பார்கள். மூச்சும் காலும் ஒரே தாளத்தில் விழ விழ, தன் நினைவு மெல்ல நழுவும். ‘ஆலை மிதித்தல்’ என்று அதற்குப் பெயர். 1966-ல் இறந்துபோன ராபர்ட் காக்ரேன் என்பவர்தான் இந்தக் கம்புக்கு மவுசு தேடித் தந்தவர்களில் முக்கியமானவர்.

நடக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. உடுக்கைச் சத்தம் கேட்டால் சாமி வந்து ஆடுகிற ஊரில் பிறந்தவன் நான். மனித உடம்பின் சுபாவம் அது. நான் சண்டைக்கு வருவது வேறு விஷயத்துக்கு. ‘அந்தக் காலத்தில் தூக்கில் தொங்கியவர்கள் எங்கள் முன்னோர்கள், அவர்களுடைய மதம்தான் இது’ என்று அவர்களில் சிலர் சொல்கிறார்களே, அதற்கு!

இதற்கு ஆதாரம்? 1921-ல் மார்கரெட் மர்ரே எழுதிய புத்தகம். அந்த அம்மாளுக்கு ஆதாரம், சூனிய வழக்குகளில் வாங்கிய வாக்குமூலங்கள். சரித்திர ஆசிரியர்கள் அந்தக் கட்சியை எப்போதோ தள்ளிவிட்டார்கள்.

வாக்குமூலம் வாங்கிய லட்சணத்தைக் கேளுங்கள். 1645-ல் சஃபோக்கில் ஜான் லோவ்ஸ் என்று ஒரு பாதிரியார். வயது எண்பதை நெருங்கிவிட்டது. பல இரவுகள் தூங்கவிடாமல், மூச்சு முட்டும்வரை அறைக்குள் முன்னும் பின்னும் ஓட்டினார்கள். புத்தி தடுமாறி ஒப்புக்கொண்டார். தூக்கிலிட்டார்கள்.

அவருக்கும் நடையினால்தான் நினைவு தப்பியது. அவரைப் போன்றவர்களை ‘எங்களவர்’ என்பது, கொன்றவர்களின் தீர்ப்பை ஒப்புக்கொள்வதுதானே? ஐயா, கம்பு உங்களுடையதாகவே இருக்கட்டும். அந்தப் பிணங்களுக்கு மட்டும் சொந்தம் கொண்டாடாதீர்கள்.