மறைபொருளா, மறைக்கப்பட்ட பொருளா?

திரைப்பட விமர்சகர் சிலரிடம் ஒரு வழக்கம் வேரூன்றியுள்ளது. ஒரு படம் பிழையாக விளங்கிக்கொள்ளப்பட்டதெனின், அதன் ஆழ்பொருள் பாமரருக்கு எட்டாதது என்றும், அதனைத் திறக்கும் சாவி தம்மிடமே உள்ளது என்றும் அவர்கள் கூறுவர். இக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. கலைஞன் பொருளை உள்ளுறையாக வைப்பதுண்டு; பிறர் அதனை வெட்டி மறைப்பதும் உண்டு. இவ்விரண்டையும் வேறுபடுத்தி நோக்காத விமர்சனம் வெட்டியவருக்கே துணைபோகின்றது.

யப்பானிய நெறியாளர் இஷிரோ ஹொண்டாவின் 'கொட்சிலா' (1954) இதற்குத் தக்க சான்றாகும். இராட்சத விலங்கொன்று நகரை மிதித்தழிக்கும் சிறுவர் கேளிக்கை என்றே யப்பானுக்கு வெளியே பலர் அதனை அறிந்திருந்தனர். அவ்விலங்கு அணுவாயுதத்தின் குறியீடு எனச் சிலர் பின்னர் 'கண்டுபிடித்தனர்'. கண்டுபிடிப்பதற்கு அங்கு என்ன இருந்தது?

1954 மார்ச் 1ஆந் திகதி பிகினித் தீவில் அமெரிக்கா வெடிக்கவைத்த ஐதரசன் குண்டின் கதிரியக்கச் சாம்பல், யப்பானிய மீன்பிடிக் கலமொன்றிலிருந்த 23 பேர் மீதும் படிந்தது. அவர்களுள் வானொலித் தொடர்பாளர் செப்டெம்பர் 23இல் உயிரிழந்தார். நவம்பர் 3இல் 'கொட்சிலா' திரைக்கு வந்தது. தளத்தில் இளைப்பாறும் மாலுமிகள் கண்கூசும் ஒளியொன்றைக் காண, அவர்களது கப்பல் தீப்பற்றி மூழ்குவதே படத்தின் தொடக்கம். ஐதரசன் குண்டுப் பரிசோதனையே விலங்கை வெளிக்கொணர்ந்தது என விஞ்ஞானி யமானே வெளிப்படையாகவே கூறுகின்றார். தான் நாகசாக்கியில் உயிர்தப்பியதைப் புகைவண்டியில் ஒரு பெண் நினைவுகூருகின்றாள். அன்றைய யப்பானியப் பார்வையாளருக்கு இதில் மறைபொருள் ஏது?

1956இல் வெளியான அமெரிக்கப் பதிப்பில், 96 நிமிடப் படம் ஏறத்தாழ 80 நிமிடமாகச் சுருங்கியது. அதிலும் றேமண்ட் பேர் நடித்த அமெரிக்கப் பத்திரிகையாளர் பாத்திரம் புதிதாகப் புகுத்தப்பட்டது. நாகசாக்கிப் பெண்ணின் சொற்கள் அகற்றப்பட்டன. பரிசோதனைகள் தொடருமாயின் இன்னொரு கொட்சிலா தோன்றக்கூடும் என்ற இறுதி எச்சரிக்கையும் நீங்கி, உலகம் மீண்டும் வாழலாம் என்ற ஆறுதல் அதன் இடத்தைப் பெற்றது.

அமெரிக்கப் பதிப்பிலும் ஐதரசன் குண்டு பேசப்படுகின்றதே எனச் சிலர் வாதிடலாம். உண்மைதான். ஆயினும் அங்கு குண்டு விலங்கின் தோற்றத்துக்கு ஒரு காரணம் மாத்திரமே. அதனால் மடிந்த மனிதரின் நினைவும், அது மீண்டும் வெடிக்கும் என்ற அச்சமும் அங்கில்லை. மூலப்படம் அமெரிக்கத் திரையரங்குகளிற் பரவலாகக் காட்டப்பட்டது 2004இலேதான். ஐம்பதாண்டுகள் பார்வையாளருக்கு மறுக்கப்பட்டதைப் பார்வையாளரின் அறியாமை எனல் என்ன நியாயம்?

பல்கலைக்கழகத்தினராகிய நமக்கு இப்படத்தில் வேறொரு வினாவும் உண்டு. விலங்கை அழிக்கவல்ல கருவியை ஆக்கிய செரிசாவா, அது அரசுகளின் கைக்குப் போய்விடுமென அஞ்சித் தம் ஆய்வுக் குறிப்புகளை எரிக்கின்றார். கடலடியில் அக்கருவியுடன் தாமும் மாய்கின்றார். அறிவை ஆக்கியவன் அதன் பயன்பாட்டுக்குப் பொறுப்பாளியா என்ற இவ்வினாவுக்குக் குறியீட்டு அகராதி எதுவும் வேண்டியதில்லை; மனச்சாட்சியே வேண்டும்.

எனவே, ஒரு படத்தின் ஆழ்பொருளைத் தேடப் புகுமுன், தாம் கண்டது எந்தப் பதிப்பு, அதனை வெட்டியவர் யார், எதன்பொருட்டு என விமர்சகர் வினவுவாராக. கண்முன் வெளிப்படையாக நிற்பதைக் காணாதவர் உள்ளுறையைக் காணப்போவதில்லை.