இரண்டு வரியில் சொல்

தன் வேலையை முன்பின் தெரியாதவனிடம் இரண்டு வாக்கியத்தில் சொல்ல முடியாதவனுக்கு அந்த வேலையே தெரியாது என்றொரு வாதம் நம்மிடையே செலாவணியாகிவிட்டது. கம்பெனிகளின் பயிலரங்குகளில் புழங்கிய இந்தச் சரக்கு இப்போது இலக்கிய மேடைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. கவிஞனையும் விமர்சகனையும் நிறுத்திவைத்து, ‘எளிமையாக, சுருக்கமாக’ என்கிறார்கள். இதற்கு நம்மவர்கள் தருகிற பதில்கள் இரண்டு வகை. இரண்டும் பொய் என்பது என் கட்சி.

‘சொன்னால் உங்களுக்குப் புரியாது’ என்பது முதல் வகை. சிறுபத்திரிகைக்காரனின் பழைய பாசாங்கு. கேட்டவன் யார், எதையெல்லாம் யோசிக்கக்கூடியவன் என்று பார்க்காமலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டு, அதற்கு ஆழம் என்று பெயர் வைத்துக்கொள்வது. இரண்டாவது வகை, ‘சமூகத்துக்கு நல்ல கருத்துகளை எழுதுகிறேன்’ என்று பல்லிளிப்பது. கேட்டவன் தலையாட்டுகிறான். அவனுக்குப் புதிதாக ஒன்றும் தெரிந்துவிடவில்லை. அவன் ஏற்கனவே வைத்திருந்த பெட்டிக்குள் நாமே போய் உட்கார்ந்துகொண்டோம், அவ்வளவுதான். முதல் ஆசாமி கதவைச் சாத்துகிறான்; இரண்டாவது ஆசாமி அடுத்த வீட்டைக் காட்டித் தன் வீடு என்கிறான்.

சுருக்கம் என்பது என்ன என்றே நாம் யோசிப்பதில்லை. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே உருவான நிலக்கடலை ரகங்கள் டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று ஊர்ப் பெயரிலிருந்து எடுத்த மூன்றெழுத்தோடு வெளியே போயின. மூன்று எழுத்து, ஓர் எண். இதைவிடச் சுருக்கம் சாத்தியமில்லை. விதைத்துப் பார்த்த குடியானவனுக்கு அந்த மூன்றெழுத்தில் காயின் பருமன், கொடியா கொத்தா, எத்தனை நாள் என்று எல்லாம் அடங்கியிருக்கிறது. விதைக்காதவனுக்கு அது வெறும் எழுத்து. அறிந்தவர்களுக்குள் செல்லுபடியாகும் நாணயத்தை அறியாதவன் கையில் கொடுத்துவிட்டு, விளக்கியாகிவிட்டது என்கிறோம். ‘நவீன கவிதை’, ‘விமர்சனம்’, ‘மொழிபெயர்ப்பு’ என்று நாம் சொல்லும் பதில்களும் இந்த மாதிரி நாணயங்கள்தான்.

சுருக்கமாகச் சொல்லத் தெரிந்தவர்களைத் தேடி மேடைக்குப் போக வேண்டியதில்லை. விழுப்புரம் சந்திப்பில் சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து திக்குப் பாதைகள் கூடுகின்றன. அங்கே காத்திருக்கிறவர்கள் ஒருவரையொருவர் ‘இன்னா பண்றீங்க?’ என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். (கேள்விக்குப் பின்னால் சம்பளமும், சம்பளத்துக்குப் பின்னால் சாதியும் நிற்பதுண்டு. அது தனி விஷயம்.) மல்லாட்டை வியாபாரி ஒருவரிடம் அதே கேள்வியை நான் கேட்டேன். அவர் வரையறை எதுவும் சொல்லவில்லை. பையிலிருந்து காய் ஒன்றை எடுத்து என் காதருகே ஆட்டினார். ‘கேக்குதா சார்? உள்ள பருப்பு ஆடுது. காஞ்ச காய். ஆடலன்னா ஈரம். ஈரத்துக்கு எடை நிக்கும், அப்புறம் பூசணம் பூத்துடும். இதைப் பாக்கறதுதான் என் வேலை.’

பிறகு என்னைக் கேட்டார். நான் சொன்னேன்: ‘ஒரு கவிதையில மயிலத்துப் பக்கத்துக் கிழவி பேசுறா. எழுதினவர் அவ வாயில நிலக்கடலைன்னு போட்டிருக்கார். அவ மல்லாட்டைன்னுதான் சொல்லுவா. மாத்துனா வரியோட ஓசை இடிக்குது. காலையிலேருந்து அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்.’ அவர் கொஞ்சம் யோசித்தார். ‘ஓசையை மாத்தச் சொல்லுங்க சார். கிழவிய எதுக்கு மாத்தணும்?’ என்றார்.

இதைவிடத் தெளிவான விமர்சன வாக்கியத்தை அண்மையில் நான் படிக்கவில்லை. ‘இவர்களுக்குப் புரியாது’ என்று நாற்பது வருஷமாக எழுதிக்கொண்டிருப்பவர்கள் அவரிடம் ஒரு மணி நேரம் பாடம் கேட்கலாம். விஷயம் இவ்வளவுதான்: வேலையின் சாராம்சத்தைச் சொல்லப் போனால் பொய் வருகிறது. வேலையில் ஒரு துண்டை அறுத்துக் கையில் கொடுத்தால் கேட்டவனும் அந்த வேலைக்குள் வந்துவிடுகிறான். நேரமும் அதிகம் ஆவதில்லை.

சி.சு. செல்லப்பாவை இங்கே நினைத்துக்கொள்கிறேன். 1959இல் ‘எழுத்து’ தொடங்கி 1970 வரை நடத்தியவர், புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனார். இதை ஒரு தியாகக் கதையாகச் சொல்லிச் சொல்லி மழுங்கடித்துவிட்டோம். அது ஒரு விளக்க முறையும்கூட. ‘புதுக்கவிதை என்றால் என்ன?’ என்று கேட்டவன் முன்னால் மூட்டையை அவிழ்க்க முடிந்தது. விழுப்புரம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த பழமலய் 1988இல் ‘சனங்களின் கதை’யைக் கொண்டுவந்தபோது, தன் ஜனங்களை இன்னின்னார் என்று ஆளாளாகச் சொன்னார். இது கவிதையாகுமா என்று கேட்டவர்கள் கையில் வைத்திருந்தது வரையறை. புத்தகத்தில் இருந்தது ஆட்கள்.

இது எழுத்தாளனின் கௌரவப் பிரச்னை மட்டும் என்றால் இவ்வளவு மெனக்கெட மாட்டேன். ஒருவனுடைய வேலையை ஒரே சொல்லில் அடைப்பதற்கு நம் நாட்டில் ரத்தச் சரித்திரம் உண்டு. 1871இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், ஜனக் கூட்டங்களின் பரம்பரைத் தொழில் திருட்டு என்று ஒரே சொல்லில் எழுதிவைத்தது. 1911 சட்டத்துக்குப் பின் சென்னை மாகாணத்திலும் அது இறுகியது. இங்கே அதை நீக்க 1947 வரை ஆயிற்று. எளிமையான, சுருக்கமான விளக்கம்தான்!

இன்றைய கதை திண்டிவனத்தைச் சுற்றியே இருக்கிறது. இருளர் என்றால் பாம்பு பிடிப்பவர் என்று ஊருக்கே தெரியும். பிடிப்பது என்றால் என்ன என்று கேட்டதுண்டா? வளையின் வாய்மண்ணைப் பார்த்து உள்ளே எலியா பாம்பா என்று சொல்வது, தடத்தையும் சட்டையையும் கொண்டு போன திசையைக் கணிப்பது. 1978இல் வடநெம்மேலியில் அமைந்த அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் பாம்பின் விஷத்தை எடுத்துக்கொண்டு பாம்பைத் திரும்பக் காட்டில் விடுகிறது. பாம்புக்கடிக்கு ஆஸ்பத்திரியில் போடும் மருந்து அந்த விஷத்திலிருந்து வருகிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது இந்த வித்தைக்காக.

ஆனால் செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் மரம் வெட்டவும் போகிற இருளர்கள் அந்த ஒற்றைச் சொல்லுக்கு வெளியே விழுந்துவிடுகிறார்கள். பிள்ளையைப் படிக்கவைக்கப் பழங்குடிச் சான்று கேட்டு வருகிறவரிடம், ‘பாம்பு பிடிக்கத் தெரியுமா, எலி பிடிக்கத் தெரியுமா’ என்று கேட்கும் வழக்கம் இருந்து வந்திருக்கிறது. தெரியாது என்றால் இருளர் இல்லையாம். தெரியும் என்றால் பிள்ளைக்குப் படிப்பு எதற்காம். திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் பல வருஷங்களாக மனுக்களோடு அலைந்திருப்பது, ஒரு வகையில், இந்தச் சுருக்கத்தை எதிர்த்துத்தான்.

ஆகவே, ‘இரண்டு வரியில் சொல்’ என்று அதிகாரத்தோடு கேட்கிறவனுக்கும் ஆர்வத்தோடு கேட்கிறவனுக்கும் உள்ள வித்தியாசத்தை நாம் மறக்கக் கூடாது. முதல் ஆளுக்குப் பூர்த்தி செய்யப்பட்ட படிவம் போதும். அவனிடம் எளிமை காட்டுவது சரணடைவது. இரண்டாவது ஆளுக்கு, அன்று காலை எந்தச் சொல்லில் மாட்டிக்கொண்டோம் என்று சொன்னால் போதும். அப்படிச் சொல்ல ஒரு சொல்லும் அகப்படாத எழுத்தாளன் அன்று வேலை செய்யவில்லை என்று அர்த்தம். சுருக்கம் தெரியாதது அவன் குறை அல்ல.