ஜெயிச்சவரெல்லாம் கில்லாடியா?

தி.நகர் கல்யாண மண்டபங்களில் ரிசப்ஷன் முடிந்து, பந்தி முடிந்து, மாடி ரூமில் ஜமக்காளம் விரித்தால் விடிய விடிய சீட்டுக்கச்சேரிதான். அங்கே உட்காரும் பெரிசுகளிடம் யார் நல்ல ஆட்டக்காரர் என்று கேட்டுப் பாருங்கள். நேற்று ராத்திரி அள்ளியவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். இருபது கல்யாணமாக, மட்டமான கை வந்தால் ரோஷம் பார்க்காமல் சீட்டைக் கவிழ்த்து 'ஸ்கூட்' சொல்லிவிடுகிறவர் பெயரைத்தான் சொல்வார்கள்.

போக்கர் சாம்பியன்கள் விஷயத்தில் மட்டும் இந்த அளவுகோல் ஏனோ காணாமல் போய்விடுகிறது.

2003-ல் லாஸ் வேகாஸில் வேர்ல்ட் சீரீஸ் ஆஃப் போக்கர் மெயின் ஈவன்ட்டை ஜெயித்தவர் கிறிஸ் மணிமேக்கர். (நிஜப் பெயரேதான், நம்புங்கள்!) டென்னஸி மாநிலத்து அக்கவுன்டன்ட். காமர்ஸ் மக்கள் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளலாம் :-) 10,000 டாலர் கட்டணமுள்ள போட்டிக்குள், நூறு டாலர்கூட ஆகாத இணையத் தகுதிப் போட்டி வழியாக நுழைந்து, 839 பேரில் முதலாவதாக வந்து 25 லட்சம் டாலர் வாங்கினார். கடைசியில் சாம் ஃபர்ஹாவுக்கு எதிரே, ஒன்றுமில்லாத கையை வைத்துக்கொண்டு இருந்ததையெல்லாம் முன்னே தள்ள, ஜோடி ஒன்பது வைத்திருந்த ஃபர்ஹா பயந்து சீட்டைப் போட்டுவிட்டார். அதற்குத் தனி தில் வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் அதற்காக உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்றால் எப்படி? 839 பேரும் காசு சுண்டிப் போட்டிருந்தாலும் கடைசியில் ஒருத்தர் நின்றிருப்பார்.

வேடிக்கை என்னவென்றால், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 14 ஆட்டம் ஆடி டிங் லிரெனை வென்ற நம்ம சென்னைப் பையன் குகேஷைத்தான் "அதிர்ஷ்டம்" என்றார்கள். எல்லாக் காயும் கண்ணெதிரே இருக்கும் ஆட்டத்தில்!

ஸ்டூ அங்கர் கதை வேறு. 1980, 1981, அப்புறம் பதினாறு வருஷம் கழித்து 1997 என்று மூன்று முறை அதே மெயின் ஈவன்ட். இருபது கல்யாணக் கணக்கில் இவர் பாஸ். ஆனால் போதைப் பழக்கம் விடவில்லை. ஜெயித்த பணமெல்லாம் கரைந்து, 1998-ல் ஒரு மலிவான மோட்டல் அறையில் இறந்து கிடந்தார். திறமைக்கு ஒரு லெட்ஜர், குணத்துக்கு ஒரு லெட்ஜர். இதன் பேலன்ஸை அதில் ஏற்ற முடியாது.

இதெல்லாம் அமெரிக்கச் சமாச்சாரம், நமக்கென்ன என்று விட முடியவில்லை. ரம்மி திறமை ஆட்டம் என்று 1967-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆன்லைன் ரம்மி கம்பெனிகள் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் விளம்பரம் செய்தன. கடனாகி உயிரை விட்டவர்கள் செய்தி அடுத்தடுத்து வந்து, தமிழக அரசு 2022-ல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள்தான் என்று அந்தப் பகுதியை 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2025-ல் நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை மொத்தமாகத் தடை செய்தது.

கோர்ட் சொன்னது ஆட்டத்தில் திறமைக்கு வேலை உண்டு என்பதை மட்டும். ஆடுகிறவருக்கு அது இருக்கிறது என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. விளம்பரத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு செக்கோடு நின்றவர் ஒரு நாள் ஜெயித்தவர். அவருடைய மிச்ச 364 நாள் கணக்கை யாரும் கேட்கவில்லை.